பொய்ப்பித்தும் பொய்த்தெளிவும்

(பத்தாம் ஆண்டு விழா அரங்கில் ஆற்றிய உரை)



பழிவாங்கும் துன்பியல் நாடகங்களில் பித்து என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். தமிழ் கற்பிப்பவளுக்கு ஆங்கில நாடகத்தில் என்ன வேலை என்று முதலில் தயங்கினேன். எண்ணிப் பார்த்தபோது, இதே பொருளை நம்மூர்க் கூலவாணிகர் ஒருவர் வேறொரு வகையில் கையாண்டிருப்பது நினைவுக்கு வந்தது. அவரிடம் போவதற்கு முன் சேக்சுபியரின் வாசலில் சற்றே நின்று செல்வோம்.

1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஹாம்லெட் நாடகத்தின் கதை உங்களுக்குத் தெரியும். தந்தையைக் கொன்ற சிற்றப்பன் அரியணையையும் தாயையும் கைக்கொண்டு விட்டான். பழி தீர்க்க வேண்டிய இளவரசன் பித்தன்போல் நடிக்கிறான். பித்தனின் பேச்சுக்கு யாரும் பொறுப்புக் கேட்பதில்லை. ஆகவே அரசனின் முகத்துக்கு எதிரே உண்மையைச் சொல்லவும், சொன்ன பிறகு தப்பிக்கவும் அந்த வேடம் உதவுகிறது. அவன் காதலித்த ஒஃபீலியாவுக்கு அப்படி ஒரு வசதியும் இல்லை. தன் தந்தை தன் காதலன் கையாலேயே மாண்டபோது அவள் அறிவு மெய்யாகவே சிதறுகிறது. பாடுகிறாள், அரண்மனையில் உள்ளவர்களுக்குப் பூக்களைப் பங்கிட்டுக் கொடுக்கிறாள், நீரில் விழுந்து இறக்கிறாள். பொய்ப்பித்து ஆணுக்குக் கருவியாயிற்று. மெய்ப்பித்து பெண்ணுக்கு முடிவாயிற்று.

இந்நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' என்று தமிழாக்கிச் சென்னைச் சுகுண விலாச சபையின் மேடையில் ஏற்றினார். தலைமை வேடத்தையும் அவரே புனைந்தார். ஒஃபீலியாவுக்கு அவர் வைத்த பெயர் அபலை. வலிமை இல்லாதவள் என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆடவரே பெண் வேடமும் கட்டிய சபை அது என்பதால், அந்தப் பெண்ணின் மெய்ப்பித்தையும் ஓர் ஆடவரே நடித்துக் காட்ட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பொய்ப்பித்து நமக்குப் புதிதன்று. கொங்குவேளிரின் பெருங்கதையை உ.வே.சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்த பிறகு, யூகி என்னும் அமைச்சனைத் தமிழுலகம் மீண்டும் அறிந்தது. பொய்யானை ஒன்றைக் காட்டி அவன் அரசன் உதயணனைச் சிறைபிடித்தார்கள்; யூகியோ பொய்ப்பித்தனாகி உஞ்சை நகரத்துக்குள் நுழைந்தான். வஞ்சனைக்கு வஞ்சனை, கணக்குச் சரியாயிற்று. யூகிக்கு உள்ளே ஒரு கலக்கமும் இல்லை, ஹாம்லெட்டுக்கு இருந்தது. நடித்து நடித்து அவன் பித்து எங்கே தொடங்கிற்று, நடிப்பு எங்கே முடிந்தது என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். யூகியைப் பற்றி யாரும் அப்படி வழக்காடப் போவதில்லை.

மதுரையில் நின்று பித்தும் பழியும் பேசினால் கண்ணகியைக் கடந்து போக முடியாது. விரித்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாக அவள் நம் தெருக்களில் அழுதரற்றி வந்தபோது, ஊர்மக்கள் அவளைப் பித்தி என்று சொல்லவில்லை. தெய்வம் ஏறியவள்போல் இருக்கிறாளே என்றுதான் அஞ்சினார்கள். அவள் அவையில் பேசியதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். என் கால் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசனோ முத்து என்கிறான். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆய்ந்து பார்க்காமல் ஆணையிட்டவன் அரசன். சான்று காட்டி வழக்கை வென்றவள் தலைவிரித்து வந்தவள். நகரை எரிக்கும்போதுகூட முதியோரையும் குழந்தைகளையும் விலக்கிவிடு என்று தீக்கடவுளுக்குப் பட்டியல் கொடுக்கிறாள். இது பித்தின் இலக்கணம் அன்று. கண்ணகியைப் பற்றி இம்மன்றத்தில் பலமுறை பேசிவிட்டோம். ஆகவே இங்கே நிறுத்திக்கொண்டு சாத்தனாரிடம் செல்கிறேன்.

மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் மெய்ப்பித்தை நேரில் கண்டவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. மலர்வனம் புக்க காதையில் புகார்த் தெருவில் ஒருவன் வருகிறான். அலரி மாலையைத் தோளில் கட்டியிருக்கிறான். எருக்கம்பூவைக் கோத்து அணிந்திருக்கிறான். கந்தலோடு குச்சிகளையும் ஒடித்து இடையில் கட்டியிருக்கிறான். அழுகிறான், விழுகிறான், தொழுகிறான், ஓடுகிறான், ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறான். கடைசியில் தன் நிழலோடு சண்டை பிடிக்கிறான். நிழலோடு சண்டை என்பது கற்பனையில் எளிதில் தோன்றுவது அன்று. பார்த்தவர்தாம் எழுத முடியும். அவனைச் சூழ்ந்து நின்றவர்கள் சிரித்ததாகவும் சாத்தனார் சொல்லவில்லை. அவன் துயரம் கண்டு வருந்தி நின்றார்கள் என்கிறார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் இருபத்தெட்டுப் பேர் தீயில் மாண்ட செய்தியைப் படித்த நாளில் எனக்கு இந்தப் பகுதிதான் நினைவுக்கு வந்தது. புகார்ப் பித்தன் காலில் சங்கிலி இல்லை.

இப்படி மெய்ப்பித்தை அறிந்த கவிஞர், பழிவாங்கலைச் சொல்ல வரும்போது என்ன செய்கிறார்? சோழ இளவரசன் உதயகுமரனைக் காஞ்சனன் என்னும் விஞ்சையன் வாளால் வெட்டிவிட்டான். மணிமேகலை அப்போது காஞ்சனனின் மனைவியான காயசண்டிகையின் வடிவில் இருந்தாள். கொலையில் அவள் கை இல்லை. மகன் செய்த தவற்றுக்கு உரியது கிடைத்தது என்று அரசன் பழியை விட்டுவிட்டு, அவளைச் சிறையில் மட்டும் வைக்கிறான். தாயான இராசமாதேவியால் விட முடியவில்லை. இறந்தவன் அவள் பெற்ற பிள்ளை.

இங்கேதான் சாத்தனார் சேக்சுபியருக்கு நேர் எதிரான வழியில் போகிறார். அரசி பித்தைப் புனைந்துகொள்ளவில்லை, தெளிவைப் புனைந்துகொள்கிறாள். துயரத்தை மறைத்துக்கொண்டு அரசனிடம் சென்று, அறிவு பெற்ற பெண்ணுக்குச் சிறை தகாது என்று அறம் பேசுகிறாள். கேட்டவன் நம்புகிறான். தன்னிடம் கொண்டுவந்த பிறகு அவள் தேர்ந்தெடுத்த முதல் ஆயுதம் எது? வாள் அன்று, நஞ்சும் அன்று. அறிவை மயக்கும் மருந்து. தான் மறைத்து வைத்திருக்கும் பித்தை அந்தப் பெண்ணின் உடம்பில் ஏற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறாள். மணிமேகலையோ பழம்பிறப்பு உணர்ந்தவள், மருந்து பலிக்கவில்லை. அதன் பிறகு ஓர் இளைஞனை ஏவுகிறாள், உணவின்றிப் புழுக்கறையில் அடைக்கிறாள், அவையும் பலிக்கவில்லை.

கடைசியில் மணிமேகலை அவளிடம் கேட்கும் கேள்வி, மகனின் உடலுக்காக அழுதாயா, உயிருக்காக அழுதாயா என்பது. வகுப்பில் இதைப் பௌத்தக் கோட்பாட்டு விளக்கமாகவே பல ஆண்டுகள் நடத்தி வந்தேன். இன்று எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. நீ அழவில்லை, தாயே, அழ வேண்டிய நேரத்தில் நடித்துக்கொண்டிருந்தாய் என்று அந்தப் பெண் சொல்வதாகக் கேட்கிறது. அதன் பின்னரே அரசி தெளிகிறாள். கலங்கல் நீர் தெளிவதை அதற்கு உவமையாக்குகிறார் கவிஞர். வைகையில் புதுவெள்ளம் வந்தால் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீர் ஊற்றி வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

என் பார்வை மாறியதற்குக் காரணம் நூல் அன்று, ஒரு பெண்மணி. மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் எங்களுக்கு உறவுமுறை. நான் பெரியம்மா என்று அழைப்பேன். வரப்புத் தகராறில் அவருடைய ஒரே மகன் வெட்டுப்பட்டு இறந்தான். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு வாய்தாவையும் தவறவிடாமல், தலைவாரி, வெளுத்த சேலை உடுத்திப் பேருந்து ஏறிப் போய் வந்தார். யார் வீட்டு நல்லது கெட்டதிலும் முன்னால் நின்றார். 'தேறிவிட்டாள், கெட்டிக்காரி' என்று ஊரே மெச்சியது, நானும் மெச்சினேன். சான்று போதவில்லை என்று எதிரிகள் விடுதலையான அன்று, ஊர் திரும்பியவர் கூந்தலை அவிழ்த்துவிட்டுக் கண்மாய்க் கரையில் மூன்று நாள் உட்கார்ந்து மகன் பெயரைச் சொல்லிக் கத்தினார். அப்போதுதான் ஊர் அவரைப் பைத்தியம் என்றது. நான்காம் நாள் எழுந்து வந்து சோறு கேட்டார். அதன் பிறகு அவர் வாய்தாக் கணக்குப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆண்டுகளில் ஒரு முறையேனும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மகனைப் பற்றிப் பேசுங்கள் பெரியம்மா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்போது முனைவர் பட்ட ஆய்வேட்டில் இராசமாதேவியை 'எதிர்நிலைப் பாத்திரம்' என்று வகைப்படுத்திக் கொண்டிருந்தேன்.

கவிஞர் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். கண்ணகியை நிரம்ப எழுதிவிட்டீர்கள்; மாதவிக்கும் நம் வட்டத்தில் குறைவில்லை. அரசனிடம் அறம் பேசப் புறப்படுமுன் தன் அறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற இராசமாதேவியை இந்தப் பத்தாண்டில் ஒருவரும் இங்கே பாடிக் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்துக்கு யாரேனும் எழுதிக்கொண்டு வந்தால், முன்வரிசையில் அமர்ந்து கேட்கக் காத்திருக்கிறேன்.