கர்ப்பப்பைக் கட்டியும் ஒப்புதல் கையெழுத்தும்

கருப்பைச் சுவரின் தசையிலிருந்து தோன்றி வளரும் நார்த்தசைக் கட்டிகளை மருத்துவர்கள் ஃபைப்ராய்டு என்று குறிப்பிடுகின்றனர். வீட்டுப் பேச்சில் அவை கர்ப்பப்பைக் கட்டி என்ற பொதுப்பெயரில் அடங்கிவிடுகின்றன. ஒரே ஒரு தசை உயிரணு வரம்பு மீறிப் பெருகுவதால் ஒவ்வொரு கட்டியும் உருவாகிறது. சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் என்னும் இரண்டு ஹார்மோன்களின் துணையால் அது வளர்கிறது. ஆகையால் பூப்புக்கு முன் இக்கட்டி காணப்படுவதில்லை. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவில் பெண்களை ஸ்கேன் செய்து பார்த்து 2003இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, 50 வயதை எட்டுவதற்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கும் இக்கட்டி தோன்றியிருக்கும் என்று கணித்தது. இத்தனை பேருக்கு வருவதும், அவர்களில் கணிசமானோர் அது இருப்பதே தெரியாமல் காலம் கடத்திவிடுவதுமான ஒன்றுக்காக ஓர் உறுப்பையே அகற்றுவது எப்போது தகும் என்பதே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

கட்டி என்ற சொல் காதில் விழுந்தவுடன் மனம் புற்றுநோயை நோக்கி ஓடுவது இயல்பு. ஃபைப்ராய்டு புற்றுநோய் அன்று. அது புற்றுநோயாக மாறுவதாகவும் பெரும்பாலான வல்லுநர்கள் கருதுவதில்லை. கருப்பைத் தசையில் சார்கோமா என்னும் புற்று தோன்றுவது உண்டு என்றாலும் அது மிக அரிது. மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்ந்துகொண்டே போனாலோ, நின்ற உதிரம் மீண்டும் வந்தாலோ அதைத் தள்ளிப்போடாமல் ஆராய வேண்டும் என்பதே இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. மற்றபடி, "எடுக்காவிட்டால் புற்றுநோயாகிவிடும்" என்ற ஒற்றை வாக்கியம் அறுவைக்குப் போதிய காரணம் ஆகாது. அந்த வாக்கியத்தை நம்பி இந்நாட்டில் எத்தனை பெண்கள் அறுவை மேசையில் படுத்தார்கள் என்பது வேதனை தரும் வரலாறு. அது பின்னர் வருகிறது.

ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கியதும் பலரும் முதலில் தேடுவது கட்டியின் அளவை. ஆனால் எத்தனை சென்டிமீட்டர் என்பதைக் காட்டிலும் அது எங்கே இருக்கிறது என்பதே பெண்ணின் துன்பத்தை மிகுதியும் தீர்மானிக்கிறது. கருப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி, சிறு நெல்லிக்காய் அளவே இருந்தாலும், மாதந்தோறும் உதிரத்தை ஆறாகப் பெருக்கக்கூடும்; கருத்தரிப்பதற்கும் அது தடையாகலாம். சுவரின் நடுவே பதிந்த கட்டி கருப்பையைப் பருக்கச் செய்து வலியையும் மிகையான போக்கையும் தரலாம். வெளிப்பரப்பில் தொங்கும் கட்டியோ, அதைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்தும் உதிரப்போக்கில் ஒரு மாற்றமும் காட்டாமல், சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி கழிவறைக்கு எழுப்புவதோடு நின்றுவிடலாம். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்டு, எந்தத் தொல்லையும் தராத கட்டிக்குப் பெரும்பாலும் செய்ய வேண்டியது அவ்வப்போது பார்த்துக்கொள்வது மட்டுமே.

தொல்லை தரும் கட்டியோடு வாழ்வது வேறு கதை. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேல் உதிரம் போனால் அது மிகை என்று பாடநூல்கள் வரையறுத்தாலும், அளந்து பார்ப்பவர் எவரும் இல்லை. பெண்ணின் அன்றாட வாழ்வை அது எவ்வளவு குலைக்கிறது என்பதையே இன்றைய மருத்துவம் அளவுகோலாகக் கொள்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நாப்கின் வைத்தும் ஒரு மணி நேரம் தாங்காமை, கட்டிகட்டியாக வெளியேறும் உதிரம், பாயில் பழைய புடவையை நான்காக மடித்துப் போட்டுப் படுக்கும் இரவுகள், பேருந்தில் இடம் காலியாக இருந்தும் உட்கார அஞ்சி நின்றுகொண்டே பயணம் செய்தல், தேதியைக் கணக்கிட்டுத் திருமண வீடுகளைத் தவிர்த்தல் ஆகியவை எந்த ஸ்கேன் படத்திலும் பதிவதில்லை. இழந்த இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போய்விடுவதால் இரத்தசோகை மெல்ல உடலில் குடியேறுகிறது. மாடிப்படி நான்கு ஏறினால் மூச்சு வாங்குவது, கீழிமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருப்பது, முடி உதிர்வது, பச்சரிசியை வாயில் அள்ளிப் போட்டு மென்றுகொண்டே இருக்கத் தோன்றுவது ஆகியவை எல்லாம் அதன் அடையாளங்கள். அரிசி தின்னும் பழக்கம் கண்டிக்கப்படுகிறதே தவிர, அதன் பின்னால் இருக்கும் குறைபாடு பல வீடுகளில் விசாரிக்கப்படுவதில்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். ஊரெங்கும் எல்லோரும் சோர்ந்திருக்கும்போது தன் சோர்வை நோயென்று ஒரு பெண் அறிந்துகொள்வது கடினம்.

ஆகவே முடிவெடுப்பதற்கு முன் முதலில் திருத்தப்பட வேண்டியது இரத்தம். இரும்புச்சத்து மாத்திரையாலோ, அது ஒத்துக்கொள்ளாதபோது நரம்பு வழியாக ஏற்றப்படும் இரும்பு மருந்தாலோ ஹீமோகுளோபினை உயர்த்தியபின் சிந்திக்கும் பெண்ணும், எட்டு கிராம் ஹீமோகுளோபினோடு தலைசுற்றிக்கொண்டே தலையாட்டும் பெண்ணும் ஒரே நிலையில் இல்லை. உதிரப்போக்கின் நாட்களில் மட்டும் உட்கொள்ளும் டிரனெக்சாமிக் அமில மாத்திரை போக்கைக் கணிசமாகக் குறைக்கிறது. மெஃபனாமிக் அமிலம் வலியையும் சேர்த்துத் தணிக்கிறது. கருப்பைக்குள் பொருத்தப்பட்டு ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் சிறிது சிறிதாக லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனை வெளிவிடும் சாதனம், உட்குழி பெரிதும் உருமாறாத பெண்களுக்கு மிகுந்த பயன் தருகிறது. காப்பர்-டி போன்றதே என்று எண்ணி அதை மறுத்துவிடுவோர் உண்டு, ஆனால் காப்பர்-டி போக்கை மிகுவிக்கும், இது குறைக்கும். மாதவிடாயைத் தற்காலிகமாக நிறுத்திக் கட்டியைச் சுருக்கும் ஊசிகளும் உள்ளன. எலும்பின் வலுவை அவை குறைப்பதால் பெரும்பாலும் சில மாதங்களுக்கு, அதுவும் அறுவைக்கு முன்னோட்டமாகவே, தரப்படுகின்றன.

கட்டியை மட்டும் அகற்றிக் கருப்பையைக் காக்கும் அறுவைக்கு மயோமெக்டமி என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதற்காக வாதாடி அதன் நுட்பத்தை வளர்த்தவர் லண்டன் மருத்துவர் விக்டர் பானி. இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த அவர் வடிவமைத்த இடுக்கி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பானியின் மனைவிக்கு இளம் வயதிலேயே ஃபைப்ராய்டுக்காகக் கருப்பை அகற்றப்பட்டதால் அவர்களுக்குக் குழந்தை இல்லாமல் போயிற்று என்பது, அவருடைய முனைப்புக்குப் பின்னிருந்த துயரம். இன்று உட்குழிக் கட்டிகளை, வயிற்றில் ஒரு கீறலும் இன்றி, கருப்பை வாய் வழியாக நுழைக்கும் ஹிஸ்டெரோஸ்கோப் கருவியால் சீவி எடுக்க முடிகிறது. கட்டிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களை நுண்துகள்களால் அடைத்து அதை வாடச் செய்யும் எம்போலைசேஷன் முறையைப் பிரான்சின் ஜாக் ராவினா குழுவினர் 1995இல் வெளியிட்டனர். பெருநகர மருத்துவமனைகளில் அது கிடைக்கிறது என்றாலும், இனிமேல் குழந்தை வேண்டும் என்போர்க்குப் பொதுவாக முதல் தெரிவாகச் சொல்லப்படுவதில்லை. இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: கருப்பை இருக்கும்வரை, மாதவிடாய் நிற்கும்வரை, புதிய கட்டிகள் மீண்டும் தோன்றலாம்.

கட்டி மீண்டும் வராது என்ற உறுதியைத் தருவது ஹிஸ்டெரக்டமி என்னும் கருப்பை நீக்கம் ஒன்றே. அதன்பின் மாதவிடாய் இல்லை, ஃபைப்ராய்டு இல்லை, அவற்றால் வரும் இரத்தசோகையும் இல்லை. குழந்தைப்பேறு வேண்டாத, மருந்துகளைப் பயன்படுத்திப் பார்த்தும் குணம் காணாத, பல கட்டிகளால் வயிறு புடைத்த பெண்ணுக்கு அது வாழ்வையே திருப்பித் தரும் சிகிச்சையாகலாம். இதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் தேவையற்ற அறுவையைக் கண்டிக்கும் ஆர்வத்தில், உண்மையாகவே தேவைப்படும் பெண் ஆண்டுக்கணக்கில் உதிரம் சிந்திக்கொண்டு அதைப் பொறுமை என்று எண்ணும்படி ஆகிவிடக் கூடாது. ஒரு வேலையும் செய்ய முடியாமல் போகும், தாம்பத்தியம் இல்லாமற்போகும் என்ற அச்சங்களுக்கும் பெரிய அடிப்படை இல்லை. ஆறு முதல் எட்டு வார ஓய்வு உண்மையாகவே கிடைத்தால் பெரும்பாலோர் பழைய வேலைக்குத் திரும்பிவிடுகின்றனர். அந்த ஓய்வு கிடைக்கிறதா என்பதே பல குடும்பங்களில் கேள்வி.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கருப்பை வேறு, அதன் இருபுறமும் அமைந்த சூலகங்கள் வேறு. கருப்பையை எடுக்கும்போது சூலகங்களையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இளம் வயதில் இரு சூலகங்களும் அகற்றப்பட்டால் ஈஸ்ட்ரோஜென் ஒரே நாளில் வற்றி, உடல் தகிப்பும் தூக்கமின்மையும் தொடங்குவதோடு, எலும்புத் தேய்வும் இதயநோயும் வரும் வாய்ப்பும் கூடுகிறது. சூலகங்களை விட்டுவைத்தாலும் மாதவிடாய் நிறைவுக்கான மாற்றங்கள் சில பெண்களுக்குச் சற்று முன்னதாக வரலாம். "எப்படியும் வயிற்றைத் திறக்கிறோம், எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்" என்பது 35 வயதுப் பெண்ணிடம் போகிற போக்கில் சொல்லத்தக்க வாக்கியம் அன்று. அது தனியே விளக்கப்பட்டுத் தனியே ஒப்புதல் பெறப்பட வேண்டிய முடிவு.

இந்தியாவில் இந்த அக்கறை எவ்வளவு அரிதாயிற்று என்பதை ஆவணங்கள் காட்டுகின்றன. 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வு முதன்முறையாகக் கருப்பை நீக்கம் பற்றிக் கேட்டபோது, 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்கு அது நடந்திருந்தது. ஆந்திரத்தில் அந்த விகிதம் நூற்றுக்கு எட்டுக்கும் மேல். அறுவை செய்யப்பட்டபோது நாடளவில் இப்பெண்களின் இடைநிலை வயது 34 ஆண்டுகளை ஒட்டியிருந்தது. ஐம்பதைக் கடந்தோரை ஆய்வு சேர்த்துக்கொள்ளாததால் இவ்வயது சற்றுக் குறைவாகத் தெரியலாம் என்பதை ஒப்புக்கொண்டாலும், முப்பதுகளின் தொடக்கத்தில் இத்தனை பெண்கள் கருப்பையை இழந்திருப்பது எளிதில் விளக்கிவிடத்தக்கது அன்று. ஏழைகளுக்கான காப்பீட்டு அட்டையைக் காட்டித் தேவையற்ற அறுவைகள் செய்யப்பட்டதாக 2012இல் சத்தீஸ்கரில் எழுந்த புகாரின்பேரில் சில மருத்துவர்களின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019இல் எடுக்கப்பட்ட கணக்கில், 82,309 பேரில் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. கணவனும் மனைவியும் ஒரு கூலி அலகாக முன்பணம் பெற்று வயலுக்குச் செல்லும் அம்முறையில், ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். குடிசையருகே கழிவறையோ போதிய தண்ணீரோ கிடையாது. வெள்ளைப்படுதலுக்கும் வயிற்றுவலிக்கும் மருத்துவரிடம் போனால் புற்றுநோய் அச்சமே பதிலாக வந்தது. அந்தச் சூழலில் அப்பெண்கள் கொடுத்த ஒப்புதலை ஒப்புதல் என்று அழைப்பதற்கு மனம் இடம் தரவில்லை. சமூகநல மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவருமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது; கண்காணிப்புக் குழுக்கள் அமைப்பதும் அவற்றில் அடங்கும்.

"பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி அது எதற்கு" என்ற பேச்சு மருத்துவமனைக்கு வெளியிலும் உலவுகிறது. மாமியாரும் மூத்த நாத்தனாரும் அக்கறையோடுதான் அதைச் சொல்கின்றனர். ஆயினும் பிள்ளைப்பேறு முடிந்துவிட்டது என்பது அறுவைக்கான ஒரு தடையை நீக்குகிறதே தவிர, அறுவைக்கான காரணத்தைத் தருவதில்லை. 48 வயதுப் பெண்ணுக்கு, போக்கு மருந்தால் கட்டுப்படுமானால், இயற்கையே இன்னும் சில ஆண்டுகளில் கட்டியைச் சுருக்கிவிடக்கூடும். 38 வயதுப் பெண்ணுக்குக் காத்திருப்பு மிக நீண்டது. ஃபைப்ராய்டுக்கான அறுவை அவசரமாக அன்றே முடிவு செய்ய வேண்டியதாக அமைவது அரிது. எனவே வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருவதற்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறொரு மகப்பேறு மருத்துவரிடமோ இன்னொரு கருத்துக் கேட்பதற்கும் எப்போதும் நேரம் உண்டு. நாற்பதைக் கடந்தவர்களுக்கு மிகைப்போக்கு இருந்தால், கருப்பையின் உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, அங்கே புற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டபின் மேற்செல்வதே முறை.

அறுவைக்கே முடிவு செய்யும் பெண், கையெழுத்துக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில: வயிற்றைக் கீறியா, லேப்பராஸ்கோப்பி வழியாகவா, யோனி வழியாகவா, கருப்பை வாயும் எடுக்கப்படுமா, சூலகங்கள் தங்குமா. அறுவைக்குப்பின் பல பெண்களிடம், என்ன எடுக்கப்பட்டது என்று கேட்டால், "எல்லாம் எடுத்துட்டாங்க" என்ற பதிலே வருகிறது. மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சீட்டிலும், அகற்றப்பட்ட திசுவின் பயாப்ஸி அறிக்கையிலும் அதற்கான விடை எழுதப்பட்டிருக்கும். கருப்பை வாய் விட்டுவைக்கப்பட்டிருந்தால் அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர வேண்டும், சூலகங்கள் எடுக்கப்பட்டிருந்தால் எலும்பின் வலுவைக் கவனிக்க வேண்டும் என்பதால், அவ்விரு தாள்களையும் குடும்ப அட்டைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் இணையாகப் பத்திரப்படுத்தி, அடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுவது அவசியம்.