ஒரு வருசக் கூலி

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் விஞ்ஞானி இல்லை. கவிதை எழுதுறவன்; பகலில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன். ஆராய்ச்சி பற்றிப் பேச இவனுக்கு என்ன இருக்கு என்று நினைப்பீர்கள். நான் பணத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கேன்.

பி.எஸ்சி. விலங்கியல் முடித்த வருசம் பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டார். "நல்லா செய்யிறப்பா. ஒரு வருசம் என் லேப்ல வந்து இரு. சம்பளம் கிடையாது, அனுபவம் கிடைக்கும். அப்புறம் ஆராய்ச்சிக்குப் போகலாம்" என்றார். கெட்ட மனுசர் இல்லை. ஆனால் அந்த ஒரு வருசம் இவன் எதைத் தின்பான் என்கிற கேள்வி அவருக்கு வரவே இல்லை. அம்மா களையெடுத்த கூலியில் உட்கார்ந்து அனுபவம் சேர்க்க எனக்கு மனசு வரலை. வங்கித் தேர்வு எழுதினேன். என்னோடு படித்த இன்னொரு பையன், அப்பா ஆடிட்டர், அந்த லேபுக்குப் போனான். இன்றைக்கு அவன் முனைவர். அவன் என்னைவிடப் புத்திசாலியா என்பதல்ல கேள்வி. அவனிடம் ஒரு வருசம் இருந்தது. என்னிடம் இல்லை.

அந்த ஒரு வருசத்துக்கு விலை உண்டு என்று ஓர் அரசாங்கம் ஒத்துக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் உயிர்மருத்துவ முனைவர் படிப்பில் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் கட்டணம் இல்லை. மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. சிக்கல் வாசற்படியில்தான். அங்கே மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. எந்த லேபில் எவ்வளவு காலம் வேலை செய்தாய், எந்த விஞ்ஞானி உனக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார் என்று பார்க்கிறார்கள். படிக்கிற காலத்தில் ஓட்டலில் தட்டுக் கழுவிக் கட்டணம் கட்டிய பிள்ளைக்கு அந்தக் கடிதம் எங்கிருந்து வரும்? 'தகுதி' என்று அவர்கள் சொல்வதற்குள்ளே சம்பளம் இல்லாத வேலை ஒளிந்திருக்கிறது.

தேசிய சுகாதார நிறுவனங்கள் என்கிற அந்நாட்டு அரசு அமைப்பு 2000இல் 'பிரெப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இளநிலைப் பட்டம் முடித்து மூன்று ஆண்டுக்குள் இருக்கும் கறுப்பின, இசுபானிய, செவ்விந்தியப் பிள்ளைகள், உடல் ஊனமுற்றோர், வறிய பின்னணியிலிருந்து வருவோர் இவர்களுக்காக. பல்கலைக்கழகத்தில் ஒன்றிரண்டு ஆண்டு சம்பளத்தோடு வேலை. முக்கால் பங்கு நேரம் ஓர் ஆய்வாளரின் கீழ் லேபில். மீதி நேரம் பாடம், கட்டுரை வாசிப்பு, மாநாடு, விண்ணப்பம் எழுதப் பயிற்சி. இதில் கடன் இல்லை, கவனியுங்கள். என் மேசைக்குக் கல்விக் கடன் மனுக்கள் வருகின்றன; கடன் வாங்கினவன் எப்படிக் குனிந்து நிற்பான் என்று எனக்குத் தெரியும். கூலி வாங்குகிறவன் நிமிர்ந்து நிற்கலாம்.

இதைச் சலுகை என்பவர்களுக்கு ஒன்று சொல்லணும். அலபாமா மாநிலம் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை அந்நாட்டுப் பொது சுகாதாரத் துறை மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை வைத்தியம் பார்க்காமலே வேடிக்கை பார்த்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து கேட்காமல் எடுத்த செல்கள் இன்றும் உலகமெங்கும் லேபுகளில் வளர்கின்றன. ஆக, அவர்கள் உடம்பு ஆய்வகத்துக்குள்ளே எப்பவோ போயிருச்சு. அறிவுதான் வாசலில் நின்றது.

அதே ஹாப்கின்ஸில் விவியன் தாமஸ் என்று ஒருவர். தச்சு வேலை செய்து கல்லூரிக்குச் சேர்த்த பணத்தை 1930இல் வங்கி திவாலானதில் இழந்தவர். நாஷ்வில்லில் டாக்டர் பிளேலாக்கின் லேபில் வேலைக்குச் சேர்ந்தார். சோதனைகள் எல்லாம் அவர் கையில், சம்பளப் பட்டியலில் துப்புரவாளர். நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்றும் இதய அறுவையை நாய்களில் செய்து பழகியவர் அவர். 1944 நவம்பரில் முதல் குழந்தைக்கு அறுவை நடந்தபோது பிளேலாக்கின் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே. கௌரவ டாக்டர் பட்டம் 1976இல் வந்தது. சரியான நேரத்தில் ஒரு வருசக் கூலி வந்திருந்தால் முப்பது வருசம் காக்க வேண்டியிருந்திருக்குமா?

ஆனால் பயிற்சி மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 2011இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. படிப்பு, பயிற்சி, வெளியிட்ட கட்டுரைகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், அதே தேசிய சுகாதார நிறுவனங்களிடம் நிதி கேட்ட கறுப்பின விஞ்ஞானிகளுக்கு அது கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவு. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வாசல் காக்கிறவனுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

2025இல் ட்ரம்ப் அரசு 'பன்மைத்துவம்' என்ற சொல் ஒட்டியிருந்த திட்டங்களை வெட்டியபோது பிரெப்பையும் முடித்துவிட்டது. கால் நூற்றாண்டு. கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளும், அதைச் சட்டமாகவும் உரிமையாகவும் ஆக்காதவரை.

நமக்கு இது அந்நியக் கதை இல்லை. 1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனது பரோடா அரசு மூன்று ஆண்டுக்குத் தந்த மாதம் பதினொன்றரைப் பவுண்டில்தான். அறிவு அவரிடம் முன்னாலேயே இருந்தது. பணம் அவருக்கு நேரத்தைத் தந்தது.

இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு யாராவது உங்களிடம் "வா தம்பி, வாம்மா, அனுபவம் கிடைக்கும்" என்று கூப்பிடுவார்கள். கூச்சப்படாதீங்க. நான் அன்றைக்குக் கேட்காமல் திரும்பிவந்த கேள்வியை நீங்கள் கேளுங்கள்:

"கூலி எவ்வளவு, அய்யா?"