கோப்பி தந்த பாடம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலைநாடு என்றதும் தேயிலையே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின், தேயிலைக்கு முன் அம்மலைகளை ஆண்டது கோப்பி. 1870களில் 250,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் அது செழித்து நின்றது. அப்பெருஞ் செல்வம் இருபதாண்டுகளில் அழிந்த வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

கோப்பியின் தாயகம் எத்தியோப்பியா. அங்கே அது காட்டு மரங்களின் நிழலில் வளர்வது. இங்கோ காட்டை வெட்டி எரித்து, மலைக்கு மலை அவ்வொரு பயிரையே நட்டனர். மழை மேல்மண்ணை அள்ளிச் சென்றது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் இலைத்துரு நோய் தோன்றிற்று. இலையின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படியும், இலை உதிரும், காய்ப்புக் குன்றும். 1880இல் ஆராய வந்த மார்ஷல் வோட் என்னும் அறிஞர், அந்நோய் காற்றிற் பரவுவதென்றும், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை அதற்கு வழி திறந்ததென்றும் விளக்கினார். அதற்குள் காலங் கடந்துவிட்டது.

இந்த வீழ்ச்சியின் சுமை யார் தலையில் விழுந்தது? துரைமாரிற் பலர் தேயிலைக்கு மாறினர். சிலர் நாடு திரும்பினர். கோப்பி பறிக்கத் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழி நடந்து வந்த நம் தொழிலாளர் நிலையோ வேறு. பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் ஆயிரமாயிரம். எஞ்சியோரிற் பலருக்கும் கோப்பி வீழ்ந்ததும் வேலை இல்லை. மண்ணைப் பேணாத தொழில் மனிதரையும் பேணவில்லை.

இது பழங்கதையன்று. 2012இல் மத்திய அமெரிக்க நாடுகளில் இதே நோய் பெருகி, பல்லாயிரம் தொழிலாளர் பிழைப்பை இழந்தனர். நிழல் மரம், கலப்புப் பயிர், நோய் தாங்கும் இனம், பயிரிடுவோனுக்கு நியாய விலை என்னும் நான்கும் சேர்ந்தாலன்றிக் கோப்பி நிலைத்திராது. விலை குறைந்தால் ஏழை விவசாயி மரத்தைப் பராமரிப்பது எங்ஙனம்?

கண்டி, மாத்தளைப் பகுதி வீட்டுத் தோட்டங்களில் பலா, மிளகு, கமுகு ஆகியவற்றோடு கோப்பியும் இன்று வளர்கின்றது. பெருந்தோட்டம் மறந்த அறிவை அச்சிறு தோட்டங்கள் காத்து வருகின்றன.

இளைஞர்களே! கோயில்தோறும் தலவிருட்சம் வைத்துப் போற்றிய மரபினர் நாம். அப்பக்தி கோயில் மதிலோடு நின்றுவிடலாகாது. நிலமுள்ளோர் நிழல் மரம் நடுக. வாங்குவோர் பறித்தவரின் கூலி யாதென்று கேட்க. மண்ணுக்கும் உழைப்பாளிக்கும் செய்யும் இத்தொண்டு இறைபணியே ஆகும்.