வரட்டா மச்சான்? – நட்பும் விடைபெறும் சொற்களும்
(ஈச்சிலம்பற்றில் நிகழ்த்திய அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



நட்பைப் பற்றிப் பேசப் பணித்தீர்கள். நண்பர்கள் பிரியும் நேரத்தில் பேசிக்கொள்ளும் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நம்மூரில் ஒருவன் தன் கூட்டாளியிடம் "உன்னில எனக்கு நல்ல விருப்பம்" என்று வாய்விட்டுச் சொல்வது அரிது. அவன் எழும்பும் நேரத்தைக் கவனியுங்கள். "வரட்டா மச்சான்?" என்கிறான். "இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று மற்றவன் மறிக்கிறான். தேத்தண்ணி முடிந்தாலும் படலையடியில் பேச்சுத் தொடரும். "அப்பாக்கு மருந்து எடுத்தாச்சா?" "இருட்டுக்குள்ள யானை நிக்கும், பாத்துப் போ." "போய்ச் சேந்தோன ஒரு கோல் எடு."

இவற்றில் அன்பு என்ற சொல்லே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு விசாரிப்பு, அல்லது ஒரு பொறுப்பு. மருந்து எடுக்காதவன் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். வீடு சேர்ந்தவன் கோல் எடுக்க வேண்டும். பிரிந்த பிறகும் இருவருக்கும் நடுவே ஒரு காரியம் மிச்சம் இருக்கும்படி நாம் பார்த்துக்கொள்கிறோம். நம் நட்பு தன் அன்பைச் சொல்லும் முறை இதுதான் என்பது என் துணிபு. மூதூர், தோப்பூர்ப் பக்கத்து முஸ்லிம் நண்பர் "இன்ஷா அல்லாஹ், நாளைக்கு வாறன்" என்கிறார். "ஓம் நானா, வாங்க" என்கிறோம். அங்கேயும் நாளைக்கென்று ஒன்று மிஞ்சுகிறது.

1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இமானுவேல் ஷெக்லொஃப், ஹார்வி சாக்ஸ் இருவரும் உரையாடல்கள் எப்படி முடிகின்றன என்று ஆராய்ந்து எழுதினார்கள். பேச்சை ஒருவர் தனியே முடித்துவிட முடியாது. சொல்லாமல் விட்டது ஏதும் உண்டா என்று மற்றவருக்கு இடம்விட்டு, இருவரும் சேர்ந்தே முடிக்கிறார்கள் என்று காட்டினார்கள். தொலைபேசியில் நாம் "வைக்கட்டா?" என்று கேட்பது அப்படி இடம்விடுவதுதான். டொரன்டோவிலிருந்து பேசுகிற நண்பன் அதை மூன்று முறை கேட்டும் வைக்காமல் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

முன்பு திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் வீதியில், கிண்ணியா தொடக்கம் வெருகல் வரை துறைக்குத் துறை பாதை எனும் மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. கடைசிப் பாதை போய்விட்டால் இரவு இக்கரையில்தான். பாதை கரையை விட்ட பிறகும், குரல் எட்டும் வரை "மாமிட்டச் சொல்லு!", "அடுத்த கிழமை வாறன்!" என்று கத்துவார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் அது பெரிய விடிவு. துறையில் காத்து நின்று கதைத்த பொழுதை இனி நாமாகத்தான் ஒதுக்க வேண்டும்.

சொல்லிக்கொள்ளவே வழியில்லாமல் பிரிந்ததையும் இந்த மண் கண்டது. 2006இல் போர் மீண்டும் மூண்டபோது இந்தப் பற்றின் சனங்கள் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கும், பிறகு மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்தார்கள். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாத நாட்கள் அவை. "சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்" என்பது சாதாரண நாளில் செல்லக் கோபம். அந்த ஆண்டுக்குப் பிறகு அது பலருக்கு ஆறாத துக்கமாகிவிட்டது.

மகிழக் கூடுவதையும், இனி எப்போது காண்போம் என்று நினைக்கும்படி பிரிவதையும் புலவர் தொழில் என்றார் வள்ளுவர். அதை அவர் நட்பு அதிகாரத்தில் வைக்கவில்லை. கல்வி அதிகாரத்தில் வைத்தார். நன்றாகப் பிரிவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என்றே நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். "போய்ச் சேந்தோன சொல்லு" என்று நண்பன் சொன்னால், மறக்காமல் சொல்லுங்கள். "அடுத்த கிழமை வாறன்" என்று சொன்னால், போங்கள். விடைபெறும்போது கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவனே நல்ல நண்பன்.