மரமும் கல்லும் கான்கிரீட்டும்

(கும்பாபிஷேகத்திற்கு முதல்நாள் மாலை யாகசாலைப் பந்தலில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



நாளைக் காலை இத்திருக்கோயிலின் விமானக் கலசங்களில் புனிதநீர் சொரியப் பெறும். இந்த நன்மாலையில் சித்தாந்தக் கருத்தொன்றையோ நாயன்மார் வரலாறொன்றையோ விரித்துரைப்பேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அடியேன் எடுத்துக்கொண்ட பொருளோ கட்டடம். மரம், செங்கல், கல், கான்கிரீட் என்னும் இவற்றுள் இறைவன் திருக்கோயிலுக்கு ஏற்றது யாது என்பதே இன்றைய பேச்சு.

இதற்குக் காரணம் உண்டு. இக்கோயிலின் முன்மண்டபத்து மேல்தளம் தேக்குக் கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மீது செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட பழைய தளம். அதனை இடித்துவிட்டுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடவேண்டும் என்றனர் ஒரு சாரார். பழுதுற்ற கட்டைகளை மாற்றி, காரையைப் புதுப்பித்தால் போதும் என்றனர் மற்றொரு சாரார். திருப்பணிக் குழுவினர் பின்னதையே மேற்கொண்டனர். “இவ்வளவு பொருள் செலவிட்டும் மண்டபம் பழையபடியே இருக்கிறதே” என்று அன்பர் சிலர் குறைப்பட்டது அடியேன் செவிக்கும் எட்டியது. குழுவினர் கருத்துக் கேட்டபோது “இடியாதீர்கள்” என்று சொன்னவர்களுள் அடியேனும் ஒருவன். ஆதலின் விடை கூறும் கடமை அடியேனுக்கு உண்டு.

முதலில் வரலாற்றை நோக்குவோம். தமிழகத்தின் பழங்கோயில்கள் மரத்தாலும் செங்கல்லாலும் சுதையாலும் ஆனவை. அவை காலத்தால் அழிந்தன. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில் குன்றைக் குடைந்து ஒரு கோயில் செய்வித்தான். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணாம்பு இன்றி மும்மூர்த்திகளுக்கு ஆக்கிய கோயில் இது என்று அங்கே கல்லில் பொறித்தும் வைத்தான். அவன் பெருமிதத்தோடு விலக்கிய நான்கு பொருள்களும் அதுகாறும் கோயில் கட்டப் பயன்பட்டவை என்பது இதனால் விளங்குகின்றது. அழியாத பொருளொன்றைத் தேடினான் அம்மன்னன். அது பாறை என்று கண்டான். அவன் வழியில் பிற்காலத்தார் கற்றளிகள் எடுத்தனர். தஞ்சையில் முதலாம் இராசராச சோழன் எடுப்பித்து, 1010 ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரிய கோயில் அம்முயற்சியின் சிகரம்.

எனினும், கல் வந்ததும் மரத்தை நம் சிற்பிகள் மறந்துவிட்டனரோ எனின், மறந்திலர். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தைப் பாருங்கள். அது கூரை வேய்ந்த குடிலே. கல்லால் ஆகிய குடில். ஆவுடையார்கோயிலில் மணிவாசகப் பெருமானை வணங்கியபின் நிமிர்ந்து கொடுங்கையைப் பாருங்கள். கைமரமும் சட்டமும் அவற்றை இணைக்கும் ஆணியும் மரத்தச்சன் செய்தாற்போலவே கருங்கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. கல்தச்சன் மரத்தச்சனுக்குச் செய்த குருவணக்கம் என்றே அதனைச் சொல்லலாம்.

அதுமட்டுமன்று. சைவர்கள் ‘கோயில்’ என்ற அளவிலே குறிக்கும் தில்லையில், கூத்தப்பிரான் ஆடும் சிற்றம்பலம் இன்றும் மரத்தால் ஆகிய மன்றமே; மேலே பொன் வேய்ந்துள்ளனர். திருநெல்வேலித் தாமிர சபையும் மர வேலைப்பாட்டிற்குப் பெயர்பெற்றது. திருத்தேரும் வாகனங்களும் மரம். வெளியே பித்தளைக் கவசம் பூண்ட கொடிமரத்தின் உள்ளே நிற்பதும் மரம். பல மாதங்களுக்கு முன் இங்கே பாலாலயம் செய்தபோது இறைவனை எதில் எழுந்தருளுவித்தோம்? அத்திமரப் பலகையில் அன்றோ! கற்கோயிலைப் பழுதுபார்க்கும் காலமெல்லாம் இறைவன் ஒரு மரப்பலகையில் இருந்து நம் பூசையை ஏற்றருளினான். ஆகவே, மரம் தாழ்ந்தது, கல் உயர்ந்தது என்னும் எண்ணம் நம் மரபிற்கு உடன்பாடன்று. ஒவ்வொன்றிற்கும் உரிய இடம் உண்டு என்பதே மரபு.

அவ்விடம் எது என்பதை அப்பொருள்களின் இயல்பே உணர்த்தும். கருங்கல் மேலிருந்து அழுத்தும் பாரத்தை எவ்வளவும் தாங்கும். ஆனால் குறுக்கே கிடத்திப் பாரம் ஏற்றினால் வளைய அறியாது, திடீரென ஒடியும். அதனாலேதான் கல் உத்திரம் நீளமாக இருத்தல் இயலாது. தூண்களை நெருங்க நாட்டவேண்டும். ஆயிரங்கால் மண்டபம் அத்தனை கால்களோடு நிற்பது அழகிற்காக மட்டுமன்று. கல்லின் இயல்பும் அதனை வேண்டுகிறது. மரம் எடையில் குறைந்தது, வளைந்து கொடுக்கும், நெடுந்தொலைவைத் தாண்டும். ஒடியும் முன்னர் முனகியும் தொய்ந்தும் நமக்கு எச்சரிக்கை தரும். அதன் பகைவர் மூவர்: நெருப்பு, ஈரம், கரையான். செங்கல்லும் சுண்ணாம்பும் கல்லினும் எடை குறைந்தவை. ஆதலின் இராசகோபுரங்களில் அடிப்பகுதியைக் கல்லாலும், மேல் நிலைகளைச் செங்கல்லாலும் எழுப்பி, நிலைகளின் உள்ளே மர உத்திரங்களை இட்டனர். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரை மெல்லியது. சுவர் சிறிது அசைந்தால் தானும் அசையும். உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடும். வன்மை மிக்க சிமெண்டை அதன்மேல் பூசினால் ஈரம் வெளிவர வழியின்றி உள்ளிருந்தே சுவரை அரிக்கும்.

இனிக் கான்கிரீட். இதனை இகழ்ந்து பேச வந்தேனல்லேன். அழுத்தத்தைக் கல்லைப்போல் தாங்குவது கான்கிரீட். இழுவிசையைத் தாங்கும் வலி அதற்கு மிகக் குறைவு. அக்குறையை இரும்புக் கம்பி நிறைவு செய்கிறது. வெப்பத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக விரிவதால் ஒன்றோடொன்று இணங்கி நிற்கின்றன. தூண்கள் இல்லாத அகன்ற கூடம் இதனால் எளிதாயிற்று. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் நம் கோயிலின் அன்னதானக் கூடத்திற்கும் இது பேருதவி.

ஆனால் இதற்கும் நோய் உண்டு. அந்நோய் வெளியே தெரியாமல் வளர்வது. கான்கிரீட்டில் உள்ள காரத்தன்மை கம்பிக்குக் கவசம். காற்றின் கரியமிலவாயு ஆண்டுகள் செல்லச்செல்ல உட்புகுந்து அக்கவசத்தைக் கரைக்கும். உப்பு புகுந்தால் அதனினும் விரைவில் கேடு விளையும். துருவானது தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கொள்வது. ஆதலின் உள்ளே பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும்.

இதனை அடியேன் ஏட்டில் கற்கவில்லை. என் பிழையினால் கற்றேன். 1984 ஆம் ஆண்டு, கடலோரத்துச் சிற்றூர் ஒன்றின் கோயிலில் மண்டபத் திருப்பணி பற்றிய கூட்டம் நடந்தது. மடத்தில் பயின்றவன், நாலு பேர் மதிக்கப் பேசுபவன் என்று என்னையும் அழைத்திருந்தனர். அங்கே பழைய மரத்தளம் ஒரு மூலையில் ஒழுகிக்கொண்டிருந்தது. முதிய தச்சர் ஒருவர், “ஐயா, மக்கியது ஒரு கட்டைதான், அதை மாத்தினாப் போதும்” என்று சொன்னார். அடியேன் எழுந்து, “மரம் நம் காலத்தோடு போய்விடும், கான்கிரீட் நம் பேரப்பிள்ளைகளுக்கும் நிற்கும்” என்று முழங்கினேன். கைதட்டினார்கள். தச்சர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மரத்தளம் இறங்கியது, புதுத்தளம் ஏறியது. கலவைக்கு அவ்வூர்க் கிணற்றின் உப்பு நீரையே சேர்த்தனர். அதன் தீமையை அந்நாளில் எவரும் எண்ணிலோம்.

2016 ஆம் ஆண்டில் ஒரு பிரதோஷத்தன்று, தளத்திலிருந்து உள்ளங்கை அகலத் துண்டொன்று பெயர்ந்து, கோலமிட்டுக்கொண்டிருந்த அம்மையார் அருகே விழுந்தது. இறைவன் திருவருளால் அவருக்கு ஊறு நேரவில்லை. மேலே நோக்கினால் கம்பிகள் துருவேறிச் செதில் செதிலாகத் தொங்கின. முப்பத்திரண்டே ஆண்டுகள்! பேரப்பிள்ளைகள் வளருமுன்னரே மண்டபம் முடிந்துவிட்டது. இடித்த தளத்தில் ஒரு துண்டும் மறுபடி பயன்படவில்லை. அன்று கழித்துவிட்ட மர உத்திரங்களை விலைக்கு வாங்கியவர் வீட்டிலோ அவை இன்றும் கூரையைத் தாங்குகின்றன. தச்சரிடம் பிழை பொறுக்க வேண்டலாம் என்று தேடிச் சென்றேன்; அவர் சிவபதம் அடைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரிடம் சொல்ல இயலாமற்போனதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

இக்காலத்திலும் அறிந்து செய்வோர் உளர். அமெரிக்க நாட்டு ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில், சைவத் துறவியர் தம் மடத்தில் இறைவன் கோயில் என்னும் சிவாலயம் எழுப்பினர். கருங்கல்லை நம் நாட்டிலேயே உளி கொண்டு கையால் செதுக்கிக் கடல் கடந்து கொண்டுசென்றனர். 1999 ஆம் ஆண்டு இட்ட அடித்தளம் கான்கிரீட்டே. ஆயினும் அதில் இரும்புக் கம்பி இல்லை. சிமெண்டின் பெரும்பகுதிக்கு ஈடாக நிலக்கரிச் சாம்பலைச் சேர்த்தனர். ஆயிரம் ஆண்டு நிற்கவேண்டும் என்னும் கருத்தால், துருவிற்கு இடமளிக்கும் பொருளையே விலக்கினர். 2023 ஆம் ஆண்டில் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. புதுமையை வெறுக்காமல், அதன் இயல்பை அறிந்து ஆளுதல் என்பது இதுவே.

அவ்வாறாயின் பழைய முறையில் கட்டியவை தாமே நின்றுவிடுமோ? நில்லா. திருக்காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516 ஆம் ஆண்டு எடுப்பித்த இராசகோபுரம் நெடுநாள் விரிசல் கண்டிருந்து, 2010 ஆம் ஆண்டு மே மாதம் இடிந்து வீழ்ந்தது. புதிய கோபுரத்திற்கு 2017 ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடைபெற்றது. ஆகவே எப்பொருளும் தனக்குத்தானே காவலன்று. மகேந்திரவர்மன் தேடிய அழியாப் பொருள் கல்லிலும் இல்லை, மரத்திலும் இல்லை, கான்கிரீட்டிலும் இல்லை.

அது எங்கே உள்ளது? மகேந்திரவர்மன் காலத்திலேயே வாழ்ந்தவர் என்று அறிஞர் பலரும் கருதும் நம் அப்பரடிகளின் கையில் உள்ளது. அவர் ஏந்தியது உளியன்று, அளவுகோலன்று, உழவாரப்படை. அவர் புதுக்கோயில் எழுப்பியதாகச் சேக்கிழார் பெருமான் உரைத்திலர். இருந்த கோயில்களில் முளைத்த புல்லைச் செதுக்கினார். திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடத்தில் பொன்னும் மணியும் தோன்றியபோது, அவற்றையும் கல்லோடும் புல்லோடும் ஒன்றாக வாரிக் குளத்தில் எறிந்தார். மன்னன் மலையைக் குடைந்தான்; நாவரசர் புல்லைக் களைந்தார். கோயில் நிற்பதற்கு இரண்டும் வேண்டும். முன்னது ஒருமுறை செய்வது. பின்னது நாள்தோறும் செய்வது. கோபுரத்தில் ஒரு பறவை இட்ட அரசம்விதை முளைக்கும்போது குழந்தை கையாலும் பிடுங்கிவிடலாம். பத்து ஆண்டு விட்டுவிட்டால் சாரங்கட்டிக் கோபுரத்தையே பிரிக்க நேரும்.

நன்கொடையாளர்களே, உங்கள் திருமுன் ஒரு விண்ணப்பம். புதுமண்டபம் கட்டினால் வாயிலில் பெயர்க்கல் பதிக்கலாம். தூம்பில் அடைத்த சருகை அகற்றியவர் பெயரை எங்கே பதிப்பது என்று எண்ணாதீர்கள். செம்பியன்மாதேவியார் திருக்கோடிகாவலில் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, அங்கிருந்த பழங்கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மீண்டும் பொறிப்பித்தார். பெரும்பொருள் செலவிட்ட அரசியார், தமக்கு முன் கொடுத்தோர் பெயர்களை மறையவிடவில்லை. இம்முன்மண்டபத்துத் தேக்குக் கட்டைகளும் நம் முன்னோர் கொடுத்த கொடையே. அவற்றைக் காத்ததனால் அவர்கள் அறமும் தொடர்கிறது. உங்கள் அறமும் அதனோடு சேர்கிறது.

ஆதலின் இக்கோயிலுக்குப் பராமரிப்பு நிதி ஒன்று அமைக்க வேண்டுகிறேன். மூலதனத்தைத் தொடாமல் வட்டியைக் கொண்டு, ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் தூம்புகளைத் தூய்மை செய்தல், கோபுரத்துச் செடிகளைக் களைதல், கட்டைகளைத் தட்டிப் பார்த்து எண்ணெய் பூசுதல், பெயர்ந்த காரையைச் சுண்ணாம்பு கொண்டே அடைத்தல் ஆகிய இந்நான்கும் நடக்கட்டும். பன்னிரண்டு ஆண்டிற்கு ஒருமுறை கூடுகின்ற நாம், ஆண்டிற்கு ஒரு நாளேனும் துடைப்பத்தோடும் மண்வெட்டியோடும் இங்கே கூடுவோமாக.

அடியேனுக்கு எழுபது கடந்துவிட்டது. அடுத்த குடமுழுக்கைக் காண்பேனோ, அறியேன். கண்டால், மண்டபம் பழையபடியே இருக்கிறதே என்று மகிழ்வேன். நீங்களும் அவ்வாறே மகிழ எல்லாம்வல்ல கூத்தப்பெருமான் திருவருள் பாலிப்பானாக.

திருச்சிற்றம்பலம்