யாருடைய ஆட்சேபணை?



பரந்தூர் விமான நிலையத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். 2022 ஆகஸ்டில் அறிவித்த திட்டம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் 13 கிராமங்கள். ஏகனாபுரம் மக்கள் இரவுதோறும் கூடி நடத்தும் போராட்டம் ஆயிரம் நாட்களைத் தாண்டிவிட்டது. கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் ஒரு படிவத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு நிலமும் சாதியும் பற்றியது. கேள்விப் படிவம் ஒன்று தயாரித்துக்கொண்டு அந்தப் பகுதிக்குப் போனேன். முதல் கேள்வி: "உங்களுக்கு எத்தனை ஏக்கர் நிலம் உள்ளது?" காலனியில் ஓர் அக்கா சிரித்தார். "அந்தக் கட்டத்துல கோடு போட்டுக்கோ தம்பி" என்றார். கோடு போட்டேன். அடுத்தது எத்தனை ரூபாய் இழப்பீடு எதிர்பார்க்கிறீர்கள் என்ற கேள்வி. அதற்கும் கோடு. மூன்றாவது கேள்விக்குப் போவதற்குள் அவரே கேட்டார்: "நெலம் இருக்கிறவங்களுக்குத் துட்டு குடுப்பாங்க. முப்பது வருசமா நான் குனிஞ்ச நெலம் இது. குனிஞ்சதுக்கு இன்னா கணக்கு?"

என்னிடம் பதில் இல்லை. நாற்று நட்டுக் கூலி வாங்கியே என்னைப் படிக்க வைத்தவர் என் அம்மா. அவருடைய மகன் தயாரித்த படிவத்திலேயே அம்மாவைப் போன்ற ஒருவருக்கு இடமில்லை. அரசைக் குறை சொல்லும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அரசின் படிவத்துக்கு வருவோம். எடுக்கப்போகும் நிலம் சுமார் 5,746 ஏக்கர். அதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம். மீதி 1,972 ஏக்கர் அரசு நிலம். பட்டா நிலத்துக்கு உரிமையாளர் உண்டு, விலை உண்டு, பேரம் உண்டு. அரசு நிலத்துக்கு அரசே உரிமையாளர் என்பதால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று கணக்கு முடிகிறது. ஆனால் ஆடு மேய்வது எங்கே? ஏரியில் மீன் பிடிப்பது யார்? விறகு எங்கிருந்து வருகிறது? காணி நிலம் இல்லாதவருக்குப் புறம்போக்குதான் நிலம். மூன்றில் ஒரு பங்கு நிலம், அதை நம்பி வாழ்பவர்களின் பெயரே இல்லாமல் கைமாறுகிறது.

சட்டத்தில் இவர்களுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலமே இல்லாத விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் வாரக்காரர்களையும் 'பாதிக்கப்படும் குடும்பம்' என்கிறது. மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்து, பிழைப்பு அதை நம்பியிருந்தால் போதும். அவர்களைக் கண்டறியத்தான் சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் வைத்தார்கள். பரந்தூரில் நிலம் எடுப்பதோ 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்கீழ். அதில் இழப்பீட்டு அட்டவணைகள் பொருந்தும். சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. அதாவது, தருவதற்கு ஏற்பாடு உண்டு, யாருக்கு என்று ஊருக்குள் வந்து எண்ணும் வேலை மட்டும் இல்லை. எண்ணாதவர் இல்லாதவர் ஆகிறார்.

இது புதிதல்ல தோழர்களே. காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை என்ன சொல்கிறது? தரிசு நிலம் கேட்டு அவர்கள் மனுப் போட்டால், மிராசுதாரர்கள் தங்களுக்கே முன்னுரிமை என்று குறுக்கே நின்றார்கள். நிலம் வைத்திருப்பவரின் ஆட்சேபணைக்கு எடை இருந்தது. உழைப்பவரின் மனு தள்ளுபடியானது. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அப்படி வந்த நிலமும் கைமாறிப் போனது. காரணையில் அதை மீட்கக் கேட்டதற்காக, இதே செங்கல்பட்டு மண்ணில், 1994இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

ஆக, "ஊர் மக்கள் எதிர்ப்பு" என்று நாம் பதிவு போடும்போது, எந்த ஊர் என்று கேட்க வேண்டும். ஊரும் சேரியும் சேர்ந்ததா? "விவசாயிகளைக் காப்போம்" என்ற முழக்கத்தில் நாற்று நடுபவர் இருக்கிறாரா, பட்டாதாரர் மட்டும்தானா?

இப்படிக் கேட்டால் போராட்டம் பிளவுபடும் என்று சில நண்பர்கள் அஞ்சுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டாதாரர் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போக முடியும். அதில் தவறும் இல்லை. கையெழுத்துப் போட எதுவுமில்லாதவர் எங்கே போவார்? கடைசி வரை நிற்க வேண்டிய கட்டாயம் அவருக்குத்தான். அவரை முன்னால் நிறுத்தும் போராட்டமே நிலைக்கும். "விமான நிலையம் வந்தால் தலித் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்" என்று பேசுபவர்களிடமும் கேட்போம்: என்ன வேலை, எத்தனை பேருக்கு, நிரந்தரமா, ஒப்பந்தமா? எழுத்தில் கொடுங்கள்.

செய்ய வேண்டியது மூன்று. நிலமற்ற குடும்பங்களின் பட்டியலை 13 கிராமங்களிலும் நாமே எடுப்போம். எடுக்கப்போகும் சர்வே எண்களில் பஞ்சமி நிலம் உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம். போராட்ட மேடையில் கூலித் தொழிலாளர்களின் குரலுக்கு இடம் கேட்போம்.

என் படிவத்தைத் திருத்திவிட்டேன். இப்போது முதல் கேள்வி: "இந்த நிலத்தில் எத்தனை ஆண்டுகள் வேலை செய்தீர்கள்?" அந்த அக்காவிடம் திரும்பப் போனேன். முப்பது என்று எழுதச் சொன்னார். பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "இல்ல தம்பி, முப்பத்திரண்டு" என்று திருத்தினார்.