கீசர் சொட்டினால் வாயைக் கட்டாதீங்க

இன்னைக்குப் பேசப்போறது ஒரு சொட்டுத் தண்ணியைப் பற்றி.

வேளச்சேரியில இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே தொல்லை. குளிக்கும்போது மேலே கீசர்லேர்ந்து முதுகுல சொட்டுச் சொட்டா தண்ணி. பிளம்பரைக் கூப்பிட்டேன். கீசருக்கு அடியில இருக்கிற பித்தளை வால்வுலேர்ந்து ஒரு குட்டி டியூப் தொங்கும், பார்த்திருப்பீங்க. அதை மடக்கிக் கம்பியால கட்டிட்டார். அஞ்சு நிமிஷம், 200 ரூபாய். சொட்டு நின்னுடுச்சு, நானும் சந்தோஷமா காசு அனுப்பிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஊர்லேர்ந்து சித்தப்பா வந்தார். சர்க்கரை ஆலையில பாய்லர் பார்த்து ரிட்டயர் ஆனவர். குளிக்கப் போனவர் துண்டோட வெளியே ஓடிவந்து, முதல்ல சுவிட்சை அணைச்சார். அப்புறம்தான், "இதை எவன்டா கட்டினது?"

தண்ணி சூடானா விரியும். 25 லிட்டர் கீசர்ல, 25 டிகிரி தண்ணி 75 டிகிரி ஆனா அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலேயே கூடும். வந்த பைப்லயே திரும்பிப் போகக்கூடாதான்னு கேட்டேன். போகாது. பின்னால போகவிடாம தடுக்கிறதும் அதே வால்வுதான். அதனால உள்ளே பிரஷர் ஏறும். அளவு தாண்டினா வால்வு திறந்து கொஞ்சம் வெளியே விடும். என் வால்வுல 8 பார்னு பொறிச்சிருக்கு. ஆக, சூடாகும்போது சொட்டுறது ரிப்பேரே இல்ல, அதோட வேலை. சுவிட்ச் போடாத நேரத்துலயும் ஓயாம ஒழுகினாதான் வால்வைப் பார்க்கணும்.

தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதாச்சுன்னு வைங்க. பிரஷர்ல இருக்கிற தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கும். டேங்க் பிளந்தா அதுல ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா 1,600 லிட்டருக்கு மேல இடம் கேட்கும். அதைத் தடுக்கிற கடைசிக் காவலோட வாயைத்தான் நான் காசு கொடுத்துக் கட்டியிருந்தேன்.

கீசர் நல்லா ஆறின பிறகு கம்பியை எடுத்தோம். உங்க வீட்லயும் கட்டியிருந்தா அவசரப்பட்டு சூட்டோட அவிழ்க்காதீங்க, கை வெந்துடும். மறுநாள் வேற பிளம்பரை வெச்சு சரியா பைப் போட்டோம். சாதா பிவிசி சூட்டுல வளைஞ்சிடும், அதனால சிபிவிசி. வால்வோட வாயை விடச் சின்ன பைப் வேண்டாம். நடுவுல குழாய், மூடி எதுவுமே கூடாது. தண்ணி தேங்காதபடி முழுக்கக் கீழ்நோக்கியே இறங்கணும்.

பைப் முனையில மட்டும் எனக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை. பார்க்க அசிங்கமா இருக்கு, சாக்கடை ஓட்டைக்குள்ள சொருகிடலாமேன்னேன். "உள்ளே போயிட்டா ஒழுகுறது உன் கண்ணுக்கு எப்படிடா தெரியும்? அடைச்சா என்ன செய்வே?" இப்போ மூலையில, ஆள் நிக்காத பக்கம், தரைக்கு ஒரு சாண் மேலே திறந்தபடி நிக்குது. அசிங்கம்தான். இருக்கட்டும்.

ரெக்கார்டிங்குக்கு முன்னாடி மேல்வீட்டு அக்காகிட்ட கேட்டேன். அவங்க கீசர்லயும் அதே கம்பி, கட்டினதும் அதே ஆள். உடனே அணைக்கச் சொல்லிட்டேன். சாயங்காலம் சித்தப்பாவைக் கூட்டிட்டு மேலே போகணும்.